செடிக்கும் குடிக்கும் ஒரே பெயர்

சூரிச்
2 மே 1910

அன்புள்ள எர்மின் அக்காவுக்கு,

நான் நலம். கடைவாய்ப் பல் ஒன்று தொல்லை கொடுத்தது, பிடுங்கிப் போட்டாயிற்று. உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? அத்தான் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கத் தேவையில்லை. உன் கடிதத்தில் நாலு பக்கமும் அவர்தான்.

அக்டோபர் ஏழாம் தேதியிலிருந்து நாடு முழுக்க அப்சிந்துக்குத் தடை, அதன் பிறகு உலிஸ் அத்தான் தேறிவிடுவார் என்று எழுதியிருக்கிறாய். "அந்தச் செடிதான் அவரைத் தின்கிறது" என்கிறாய். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது அக்கா. நீ நினைப்பது தப்பு.

நம் ஊரில் செடிக்கும் குடிக்கும் ஒரே பெயர். வினையே அங்கேதான். வயலில் நிற்கும் மாசிபத்திரியும் அப்சிந்த், கிளாசில் ஊற்றுவதும் அப்சிந்த். அதனால் கிளாஸ் செய்த பாவமெல்லாம் செடியின் தலையில் விழுகிறது. பாட்டிலில் நூற்றுக்கு எழுபது பங்கு வெறும் சாராயம், அக்கா. அத்தானுக்குக் கை நடுங்குவதும், காலையில் குமட்டுவதும், பிப்ரவரியில் வடிசாலைத் தரையில் வலிப்பு வந்து விழுந்ததும் அதன் வேலை. மாசிபத்திரி வாசனைக்கும் கசப்புக்கும் போடுகிற தழை. அதைத் தடை செய்தால் சாராயம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

நான் சொல்வதை நம்பாவிட்டால், வடிசாலையில் அத்தான் தன் கையால் நிறம் ஏற்றிய சரக்கில் ஒரு பாட்டில் அனுப்பு. இங்கே ஆய்வகத்தில் அளந்து சொல்கிறேன்.

குளிர் இன்னும் விடவில்லை. காலை ஈரத்தில் வைக்காதே.

உன் தம்பி,
நூமா


குவே
20 மே 1910

அன்புத் தம்பி நூமாவுக்கு,

நாங்கள் சுகம். பல் பிடுங்கிய இடத்தில் உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்பளி. முழங்கால் பரவாயில்லை. படிக்கட்டில் சறுக்கியதுதான், பெரிதாக ஒன்றுமில்லை.

பாட்டில் அனுப்பியிருக்கிறேன். அத்தானே வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்தார். "அனுப்பு, மாப்ளைக்கு அனுப்பு. அங்க ஜெர்மன்காரனோட பீரக் குடிச்சு அவன் நாக்கு மரத்துப் போயிருக்கும். நம்ம சரக்கு பட்டாவது உசிர் வரட்டும்" என்றார். அன்றைக்கு நல்ல மனநிலை. கண்ணாடி ஜாடியிலிருந்து தண்ணீரைக் கிளாசில் இருந்த அப்சிந்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, பச்சை பால் மாதிரி வெளுக்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மட்டும் அவர் கை நடுங்குவதில்லை, கவனித்திருக்கிறாயா?

நீ படித்தவன். ஆனாலும் வோ மாகாணத்தில் ஒருத்தன் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் சுட்டானே, அவன் அப்சிந்த் குடித்திருந்தான் என்று எல்லாப் பேப்பரிலும் வந்ததே? தடை வேண்டும் என்று ஓட்டுப் போட்ட ஆண்களெல்லாம் முட்டாள்களா? நம் பள்ளத்தாக்கு தடை வேண்டாம் என்றுதான் போட்டது, அது வேறு. வீட்டுக்குள்ளே இருந்து பார்த்த எங்களை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் வரட்டும். நான் காத்திருக்கிறேன். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே.

அக்கா,
எர்மின்


சூரிச்
18 ஜூன் 1910

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாட்டில் உடையாமல் வந்தது. அத்தான் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்.

உன் வீடு தரைத்தளம். எந்தப் படிக்கட்டில் சறுக்கினாய்?

வோ ஆள் விஷயம்: அன்று அவன் குடித்தது இரண்டு கிளாஸ் அப்சிந்த், லிட்டர் கணக்கில் ஒயின். பேப்பர்காரன் இரண்டு கிளாசைத் தலைப்பில் போட்டான். ஒயினைக் கீழே எங்கேயோ போட்டான். ஏரிக்கரை முழுக்கத் திராட்சை போடுகிற நாட்டில் வேறெப்படிப் போடுவான்?

இனி அளவு. மாசிபத்திரியின் சுத்த எண்ணெயை ஒரு கினிப்பன்றிக்கு ஊசியில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்து செத்தது. எல்லோரும் காட்டிப் பயமுறுத்துகிற பரிசோதனை இதுதான். ஆனால் அத்தானின் பாட்டிலை வடித்துப் பிரித்துப் பார்த்தேன். அந்த எண்ணெய் ஒரு துளி தேறினால் அதிகம். செடியால் சாக வேண்டுமானால் ஒரு மனிதன் பீப்பாய் கணக்கில் குடிக்க வேண்டும். அதற்குள் சாராயம் அவனைப் பலமுறை கொன்றிருக்கும்.

ஆகவே: செடியில் குற்றமில்லை. இருப்பது சாராயம். அத்தான் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். திடீரென்று இல்லை, படிப்படியாக, டாக்டர் கண்காணிப்பில்.

இதை அவரிடம் படித்துக் காட்டு.

நூமா


குவே
10 ஜூலை 1910

அன்புத் தம்பிக்கு,

சுகம். அறுவடை தொடங்கிவிட்டது. வீடு, துணி, ரொட்டி எல்லாம் மாசிபத்திரி வாடை.

படித்துக் காட்டச் சொன்னாய், காட்டினேன். பாதியிலேயே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கஃபேக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு ரோசீனின் புருஷன் அங்கே இருந்தார், அவர் வந்து சொல்லித்தான் தெரியும். அத்தான் மேசை மேல் ஏறி நின்று படித்தாராம்.

"கேளுங்கடா! சூரிச்சுல பெரிய படிப்புப் படிச்ச என் மச்சினன் எழுதறான். செடில குத்தமில்ல! பீப்பாய் பீப்பாயாக் குடிச்சாத்தான் சாவு வருமாம்! எவன்கிட்டடா பீப்பாய் இருக்கு?"

ஊரே சிரித்ததாம். இப்போது அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கஃபே சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். 'எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்' என்று நீ எழுதியது அடுத்த பக்கத்தில் இருந்தது.

போகிறவர் வருகிறவரெல்லாம் அவருக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுக்கிறார்கள். நீ நல்லதுக்குத்தான் எழுதினாய், தெரியும். இனிமேல் எனக்கு எழுதும்போது செடியைப் பற்றி எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எர்மின்


சூரிச்
16 ஜூலை 1910

உலிஸ் அத்தானுக்கு,

வணக்கம். சுகம் விசாரிக்க நான் எழுதவில்லை, உங்கள் சுகம் எனக்குத் தெரியும்.

நான் எழுதியதில் பாதியைக் கிழித்துச் சுவரில் ஒட்டினீர்களாம். மீதிப் பாதி இது: சாராயத்தை நிறுத்தாவிட்டால் ஈரல் கெட்டு இரண்டு வருஷத்துக்குள் போய்விடுவீர்கள். இதையும் ஒட்டுங்கள்.

ஏரிக்கரையில் குடியை விடுகிறவர்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. இடம் கேட்டு வைத்திருக்கிறேன். வருகிறீர்களா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் போதும்.

நூமா


குவே
ஆகஸ்ட், தேதி சரியாகத் தெரியவில்லை

மாப்ளே நூமாவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் சுகமாக இரு, எலியை எல்லாம் கொல்லாதே. எழுத்து ஆடுகிறது, கோபிக்காதே. காலையில் எழுதுகிறேன், இன்னும் ஒன்றும் உள்ளே போகவில்லை.

ஒரு வார்த்தையில் பதில்: வரவில்லை. பைத்தியங்களோடு வரிசையாகப் படுத்துக்கொண்டு பால் குடிக்க எனக்கு வயசாகவில்லை.

நிறம் ஏற்றுகிறவன் நக்கிப் பார்க்காமல் ஏற்ற முடியுமா, நீயே சொல். வடித்து வரும்போது அது தண்ணீர் மாதிரி இருக்கும். சின்ன மாசிபத்திரியும் ஈசோப்புத் தழையும் போட்டு, பச்சை இறங்க இறங்க நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கஷாயம். இருபது வருஷமாக என் நாக்குத்தான் அந்த வடிசாலையின் தராசு. அக்டோபரோடு தராசுக்கு வேலை இல்லை. அப்புறம் நான் எதற்குக் குடிக்கப் போகிறேன்?

உன் அக்கா முழங்கால் சமாசாரம் சொல்லியிருப்பாள். வலிப்பு வருகிற நேரத்தில் பிடிக்க வந்தாள், தள்ளிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. பிறகு அழுதேன். அதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஏழாம் தேதிக்கு மேல் ஒரு சொட்டு அப்சிந்த் தொடமாட்டேன். உன் அக்கா தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டேன்.

உலிஸ்


குவே
23 அக்டோபர் 1910

என் அன்புத் தம்பி நூமாவுக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம்! நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

அவர் நிறுத்திவிட்டார். கடைசி நாள் வடிசாலையில் முதலாளி ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார். அத்தான் தன்னுடையதை ரோசீன் வீட்டில் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வந்தார். நம்பமாட்டாய். ஊரில் பாதிப் பேர் நிறம் போடாமல் திருட்டுத்தனமாக வடிக்கத் தொடங்கிவிட்டார்கள், தண்ணீர் மாதிரி இருப்பதால் யாருக்கும் தெரியாதாம். அவரையும் கூப்பிட்டார்கள். "போங்கடா, பச்சையில்லாத அப்சிந்த் மொட்டைப் பொண்ணு மாதிரி" என்று சொல்லி விரட்டிவிட்டார்.

முதல் இரண்டு நாள் பயந்தேன். வேர்த்துக் கொட்டியது, சுவரில் பூச்சி ஓடுகிறது என்றார். டாக்டரைக் கூப்பிட்டேன். "உடம்பு பலவீனப்பட்டிருக்கு. நல்ல ஒயினாக் குடுங்க, ரத்தம் ஊறும்" என்றார். கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தார் தம்பி! இப்போது கை நடுங்குவதில்லை. நேற்று எனக்கு விறகு பிளந்து கொடுத்தார்.

நீ இனிமேல் என்னவேண்டுமானாலும் சொல்லிக்கொள். செடி போனது, நோய் போனது. நான் கண்ணால் பார்க்கிறேன்.

தொப்பி பின்னி அனுப்புகிறேன். தலை அளவு பழையதுதானே?

அக்கா எர்மின்


சூரிச்
27 அக்டோபர் 1910

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தலை அளவு பழையதுதான்.

ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் ஒயின்?

மூன்று பாட்டில் ஒயினில் இருக்கிற சாராயமும் அரை பாட்டில் அப்சிந்தில் இருக்கிற சாராயமும் ஒன்று. அளந்து பார்த்துச் சொல்கிறேன், யாரையும் பயமுறுத்த இல்லை. பூச்சி ஓடியது சாராயம் திடீரென நின்றதால். சூப் குடித்தது சாராயம் திரும்பக் கிடைத்ததால். அவருக்கு ஒன்றும் குணமாகவில்லை.

நீலச் சிலுவை மதுவிலக்குச் சங்கத்துக்காரர்களிடம் போ. அவர்கள் ஒயினையும் சேர்த்துத்தான் விடச் சொல்வார்கள். நான் வரலாமென்றால் மேலாளர் விடுப்பு தரவில்லை. புத்தாண்டுக்குத்தான் முடியும்.

எத்தனை பாட்டில்? அதை மட்டும் எழுது.

நூமா


சூரிச்
25 நவம்பர் 1910

அக்காவுக்கு,

தொப்பி வந்தது. நன்றாக இருக்கிறது. உள்ளே கடிதம் இருக்குமென்று உள்துணியைக்கூடப் பிரித்துப் பார்த்தேன்.

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கோபமா? கோபமென்றால் கோபம் என்றாவது ஒரு வரி போடு.

அவர் கண் வெள்ளை மஞ்சளாக இருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் நிறுத்திப் பார்.

நூமா


குவே
18 டிசம்பர் 1910

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். பனி இடுப்பு வரை கிடக்கிறது, தபால் தாமதம்.

கோபமில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீலச் சிலுவை அம்மா ஒருத்தி வந்தாள். ஒயினையும் விடச் சொன்னாள். அத்தான் வாசல் வரை கொண்டுபோய் விட்டு, "அம்மா, கோயில்ல பாதிரியார் எனக்குக் குடுக்கறது என்ன, எலுமிச்சைச் சாறா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்புத்தான்.

தம்பி, ஒயின் சாராயத்தில் சேராது. நம் அப்பா குடித்தார், பாதிரியார் குடிக்கிறார், பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்குக் கொடுக்கிறோம். அவர் கஃபேக்கே போவதில்லை. நான்தான் ஊற்றிக் கொடுக்கிறேன், என் கையால், வேளாவேளைக்கு. கேட்டால்தான் கொடுக்கிறேன். அவர் அடிக்கடி கேட்கிறார்.

கண் கொஞ்சம் மஞ்சள்தான். வயிறு உப்பியிருக்கிறது. உட்கார்ந்தே இருப்பதால் இருக்கும்.

புத்தாண்டுக்கு வா.

எர்மின்


சூரிச்
6 ஜனவரி 1911

அன்புள்ள அக்காவுக்கு,

சேர்ந்தேன். உடம்பு சுகம். ரயிலில் முழுக்க நின்றுகொண்டே வந்தேன், உட்கார மனமில்லை.

உன் எதிரில் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன். நீ மாவு பிசைந்துகொண்டிருந்தபோது டாக்டர் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, அப்சிந்த் ஒழிஞ்சுது. அதுவே பெரிய விஷயம். ஒயின் இயற்கையான பானம். நானே சாப்பாட்டுக்கு ரெண்டு கிளாஸ் எடுத்துக்கறேன்" என்றார்.

"நீங்க ரெண்டு கிளாஸ். அவர் நாலு பாட்டில்."

"உங்க படிப்பு மருத்துவமா?"

"வேதியியல்."

"அப்ப பாட்டில நீங்க பாத்துக்கங்க. நோயாளிய நான் பாத்துக்கறேன்."

பதினைந்து வயதிலிருந்து என் வாய்க்குப் பயந்த ஊர் அது. அன்றைக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டிலிருந்து திரும்பி வந்தேன்.

பிறகு நான் செய்தது உனக்கே தெரியும். ஒயினை எடுத்துப் பூட்டினேன். மறுநாள் மதியம் அத்தான் ஜன்னலைப் பிறாண்டிக்கொண்டு, கூரையெல்லாம் எலி என்று கத்தினார். உன்னை அடையாளம் தெரியவில்லை. வலிப்பு தொடங்கியது. இரண்டு பேர் பிடித்தும் நிற்கவில்லை. இப்படியே விட்டால் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும், அதைப் படித்திருக்கிறேன். பனியில் எந்த இல்லத்துக்கும் கொண்டுபோக வழியில்லை. "ஊத்துக்கா, சீக்கிரம் ஊத்து" என்று கத்தியது நான்தான்.

அவர் அமைதியாகித் தூங்கியதும் நீ என்னைப் பார்த்தாய். 'பார்த்தாயா, ஒயின்தான் காப்பாற்றியது' என்று நீ வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கொடுத்தாலும் போவார், நிறுத்தினாலும் போவார். எப்படிக் குறைப்பது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன், தினம் ஒரு கிளாஸ் குறைய வேண்டும். முயற்சி செய்.

நூமா


குவே
19 பிப்ரவரி 1911

அன்புத் தம்பி நூமாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். எல்லோரும் கேட்கிறார்கள், அதையே சொல்கிறேன்.

தந்தி கிடைத்திருக்கும். ரயில் பாதை மூடிக்கிடந்தது, உன்னால் வர முடியாது என்று தெரியும். ரத்தமாக வாந்தி எடுத்தார். நீண்ட நேரம் இழுக்கவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எர்மின், நான் சொன்ன சொல் தப்பல, பாத்தியா" என்றார். தப்பவில்லை. அக்டோபருக்குப் பிறகு ஒரு சொட்டு அப்சிந்த் தொடவில்லை. அடக்கத்தில் பாதிரியாரும் அதைத்தான் சொன்னார், தீமையை வென்ற மனிதர் என்று. கஃபேக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

நீ எழுதிக் கொடுத்தபடி குறைக்கப் பார்த்தேன். ஒரு கிளாஸ் குறைத்தால் கெஞ்சுவார். அவர் கெஞ்சி நீ கேட்டதில்லை. நான் ஊற்றிவிடுவேன்.

இரவில் படுத்தால் ஊற்றுகிற சத்தம் கேட்கிறது. நம் அடுக்களை மேசையில் உட்கார்ந்து, என் கையால், நான்கு மாதம். அதற்கு முன்னால் அவர் வெளியே குடித்தார். அதன் பிறகு நான் கொடுத்துக் குடித்தார்.

ரோசீன் செடிதான் காரணம் என்கிறாள், அந்த விஷம் வருஷக்கணக்கில் உள்ளே தங்குமாம். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். அவர்கள் எனக்கு ஆறுதலுக்குச் சொல்வார்கள். நீ ஆறுதல் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

என்ன கொன்றது நூமா? மாசிபத்திரியா, நான் ஊற்றிய ஒயினா?

உள்ளது எதுவோ அதை எழுது. நீ எழுதினால் நம்புவேன்.

எர்மின்


சூரிச்
4 மார்ச் 1911

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பதில் தாமதமானதற்கு வேலை காரணமில்லை. நன்றாக யோசித்து, புத்தகங்களையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மாசிபத்திரிதான்.

நான் அளந்தது ஒரு பாட்டிலை. அத்தான் இருபது வருஷம் தினமும் நாக்கில் வைத்துப் பார்த்தவர். அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் போய்த் தங்கும், வெளியே வராது. இப்போது இங்கே எல்லோரும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். அக்டோபர் வருவதற்கு முன்பே ஈரல் கெட்டிருந்தது. அதன் பிறகு நீ கொடுத்தது தண்ணீராக இருந்தாலும், பாலாக இருந்தாலும், முடிவு அதுதான். ஒயின் அவருக்கு நோவைக் குறைத்தது, அவ்வளவுதான். டாக்டர் சொன்னது சரி.

நான் முன்பு எழுதியவை அவசரத்தில் எழுதியவை. அவற்றை அடுப்பில் போடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தூக்கம் வராவிட்டால் ரோசீனை வந்து கூடப் படுக்கச் சொல். ஈஸ்டருக்கு விடுப்பு கேட்டிருக்கிறேன், தருவார்களா என்று தெரியாது.

உன் தம்பி,
நூமா